சேறு பிடித்த கல்

உப்பாற்றங்கரையில் தயாபரி அம்மாவின் மடம் இருந்தது. அங்கே கோமளவல்லி என்றொரு சிஷ்யை. குருவைவிடப் பத்து வயது மூத்தவள்.

பந்தியில் யாராவது "இன்னும் கொஞ்சம் சோறு" என்று கேட்டால் போதும், கோமளவல்லிக்குக் கண் நிறைந்துவிடும். அவள் வீட்டுக்காரர் கண்மூடுமுன் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மடத்தில் புதிதாக அன்னதானக் கூடம் கட்ட ஏற்பாடானது. பரிமாறும் பொறுப்பு கோமளவல்லிக்கு என்று அம்மா சொல்லிவிட்டார். அன்றே அவள் பையைக் கட்டினாள்.

"தாயே, மகன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

"வர்றேன்னா எப்போ?"

"இந்த மனசு கல்லானதும். இளக்கத்தை எல்லாம் எடுத்துப் போட்டாத்தான் நான் கரண்டி பிடிக்க முடியும். எப்படி எடுக்கிறது தாயே?"

"அஸ்திவாரம் முடியற வரைக்கும் இருங்க அக்கா. சொல்றேன்."

கூடம் வரவேண்டிய இடம் வெறும் களிச்சேறு. போன வருஷம் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். பகலெல்லாம் எடுத்த சேறு, ஆற்றில் கடல் ஓதம் ஏறியதும் குழிக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கூத்தில் ஒரு எருமையும் புதைந்து, ஊரே கூடி இழுத்தது.

இந்த முறை அஸ்திவார வேலைக்கு வந்த மேஸ்திரி சவரிமுத்து ஒரு இயந்திரம் கொண்டுவந்தார். நீண்ட இரும்புக் குழாய் ஒன்று அதிர்ந்துகொண்டே பூமிக்குள் இறங்கியது. அதன் வழியே ஜல்லிக்கல்லைக் கொட்டுவார். குழாயைக் கொஞ்சம் தூக்குவார். மறுபடி அதிரவிட்டு ஜல்லியை அழுத்துவார். அடுக்களையில் இட்லித் தட்டெல்லாம் தாளம் போட்டன.

கோமளவல்லி வேடிக்கை பார்க்க வந்தாள்.

"சேற்றை எப்பய்யா எடுப்பீங்க?"

"எடுக்கிறதா? கடல் வரைக்கும் சேறுதான் ஆத்தா. கூடையைத் தூக்கிட்டு நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப கல்லு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"கல்லு எதைப் பிடிக்கும்? சேறுதான் சுத்தி நின்னு கல்லைப் பிடிச்சுக்கும். அது கைவிட்டா ஜல்லி அத்தனையும் சரிஞ்சுரும்."

சில நாளில் கல் இறங்கிய இடங்களிலெல்லாம் நீர் கசிந்து மேலே வந்தது. அது வடிந்து போகப் போகச் சேறு இறுகியது. எடை ஏற்றிப் பார்த்தார்கள். தாங்கியது.

அம்மா பெண்களையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டார். எருமை புதைந்த அதே இடத்தில் கும்மி! சவரிமுத்துகூட ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றினார். முடிந்ததும் அங்கேயே இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார் அம்மா.

கோமளவல்லி பையோடு வந்து நின்றாள்.

"சொல்றேன்னீங்களே தாயே."

அம்மா பையை வாங்கிக் கீழே வைத்தார். சோற்று வாளியை அவள் கையில் கொடுத்தார்.

இரண்டாவது இலையிலிருந்து சவரிமுத்து நிமிர்ந்தார்.

"ஆத்தா, இன்னும் கொஞ்சம் சோறு!"

கோமளவல்லி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"பாருங்க தாயே, வந்துருச்சு."

"வரட்டும் அக்கா. அவருக்கு ரெண்டு கரண்டியா வையுங்க."