பிடித்தம் போக வீட்டுக்கு வந்த கடலை

பொட்டிக்காட்டுப்புதூரிலிருந்து நாலு பேர் டவுனில் ஒரு பம்பு செட் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். நாச்சிமுத்து, சென்னியப்பன், அங்கமுத்து, திம்மராயன். நாலு பேரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். "இந்த மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருங்கள்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போன அன்று, கடைசி பஸ் போகிறவரை நாலு பேரும் கண் கொட்டாமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே நின்றவர்கள். இப்படிப்பட்ட ஆட்களைக் கம்பெனி விடுமா? மாதம் பதினைந்தாயிரம் என்று வேலையை உறுதி செய்துவிட்டது.

உடனே நாச்சிமுத்துவுக்குக் கல்யாண ஆசை வந்தது. பக்கத்து ஊரான கரட்டுப்பாளையத்து ராக்கியண்ணனின் மகள் மரகதத்தை அவனுக்கு ரொம்ப நாளாகவே பிடிக்கும். போய்க் கேட்டான். ராக்கியண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சம்பளம் எத்தனைங்கறது எனக்கு வேண்டாம் தம்பி. எங்க பங்காளி மகன்கூட இருவதாயிரம்னான். அந்தப் பிடித்தம் இந்தப் பிடித்தம்னு போயி, ஊட்டுக்கு வர்றப்ப சட்டைப்பையில பஸ் டிக்கெட்டுத்தான் இருக்குது. எல்லாம் போக ஊட்டுக்கு எத்தனை வந்து சேருது? அதை வர்ற வெள்ளிக்கிழமை என் கண்ணுல காட்டோணும். இல்லீன்னா சொல்லிப்போடு. ஆட்டுக்காரன் ஒருத்தன் கேட்டுட்டிருக்கறான். அவன் பட்டிக்குள்ள போனா எண்ணிப் பார்த்துக்கலாம். ஆட்டுல பிடித்தம் கிடையாது."

நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கூட்டாளிகள் மூவரையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக் கணக்கர் பத்மநாபன் முன்னால் போய் நின்றான்.

பத்மநாபன் பொறுமைசாலி. "நூற்றுக்குப் பன்னிரண்டு வருங்கால வைப்பு நிதிக்குப் போகும். அதை உன் ஐம்பத்தெட்டாவது வயதில் வட்டியோடு தருவார்கள். நீ போடுகிற அளவு கம்பெனியும் போடும். நூற்றுக்கு முக்கால் ஈ.எஸ்.ஐ.க்கு. உடம்புக்கு வந்தால் அவர்கள் பார்ப்பார்கள். கணக்கில் அரை ரூபாய் வந்தால் முழுசாக ஏற்றிக்கொள்வார்கள். வருமான வரி உனக்கு இப்போது கிடையாது. வரம்பு தாண்டினால்தான்" என்றார்.

நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒன்றும் புரியவில்லை என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

"சரி, இப்படிச் செய்யுங்கள்" என்றார் பத்மநாபன். "ரூபாய்க்கு ஒரு கடலை என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு இலாகாவாக உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். தானே விளங்கும்."

அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். இவர்கள் நேராக மளிகைக் கடைக்குப் போய், "பதினஞ்சாயிரம் கடலை வேணுமுங்க" என்றார்கள்.

"எத்தனை கிலோ?"

"கிலோக் கணக்கு எங்களுக்கு ஒத்து வராதுங்க. சம்பளத்தை யாராவது நிறுத்துப் போடுவாங்களா?"

கடைக்காரர் ஒரு மூட்டை நிலக்கடலைப் பருப்பைக் கடனுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் திருப்பித் தரச்சொல்லி அனுப்பினார். டவுனில் அவர்கள் தங்கியிருந்த அறையில் பாயை விரித்துக் கொட்டி எண்ணினார்கள். நாச்சிமுத்து சம்பளக்காரன். சென்னியப்பன் வைப்பு நிதி. அங்கமுத்து ஈ.எஸ்.ஐ. திம்மராயனுக்கு வருமான வரி கிடைத்தது. பெரிய உத்தியோகம் என்று அவன் தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

சென்னியப்பன் ஆயிரத்து எண்ணூறு கடலையை எண்ணி எடுத்து ஒரு பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டான். "இனி அம்பத்தெட்டு வயசுலதான்" என்றான். நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவன். முகம் அப்படியே மாறிப்போயிருந்தது.

"கம்பெனியும் அதே அளவு போடோணும்" என்று ஞாபகப்படுத்தினான். கம்பெனியாக யாரும் உட்காரவில்லை. அதனால் மறுபடி மளிகைக் கடைக்குப் போய், "நீங்கதான் கம்பெனி" என்று சொல்லி இன்னும் ஆயிரத்து எண்ணூறு வாங்கி வந்தார்கள். கடைக்காரர் மறுக்கவில்லை. அதையும் கடனில் எழுதிக்கொண்டார்.

அங்கமுத்துவின் பங்கு நூற்றுப் பன்னிரண்டரை. அரையில் வந்து நின்றது சங்கடம். ஒரு கடலையை இரண்டாகப் பிளந்தார்கள். முளை ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"முளை இருக்கற பாதி யாருக்கு?" என்றான் அங்கமுத்து.

"சம்பளக்காரனுக்கு. உழைச்சவன் அவன்" என்றான் சென்னியப்பன்.

"உடம்புக்கு வந்தா பாக்கறவன் நானு. சத்து எனக்குத்தான் வேணும்."

"அரை வந்தா முழுசா ஏத்திக்குவாங்கன்னு கணக்கர் சொன்னாருல்ல?" என்று நாச்சிமுத்து அழாத குறையாகச் சொன்ன பிறகு இரண்டு பாதியும் அங்கமுத்துவிடம் போயிற்று.

திம்மராயன் கையை நீட்டினான்.

"உனக்கு ஒண்ணுமில்லை" என்றார்கள்.

"ஒண்ணுமே இல்லியா?"

"வரம்பு தாண்டலை."

"அப்பறம் எதுக்கு என்னைத் தலைசீவச் சொன்னீங்க?" என்று கேட்டான் திம்மராயன். யாரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். நீட்டிய கையை மட்டும் அவன் மடக்கவில்லை. இலாகா என்றால் எந்நேரமும் தயாராக இருக்கவேண்டும் அல்லவா?

மிச்சம் பதிமூன்றாயிரத்து எண்பத்தேழு. நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். அப்போது அங்கமுத்து ஒரு கேள்வி கேட்டான்.

"மாப்ள, எனக்குக் கட்டிட்டே. உனக்குச் சீக்கு வந்துச்சா?"

"இல்லியே."

"அப்ப கட்டுனது வீணாப் போகுதே! நஷ்டம் உனக்குத்தான்டா."

நாலு பேரும் கவலையோடு யோசித்தார்கள். நஷ்டத்தோடு பெண் கேட்டுப் போக முடியாது. கடைசியில் நாச்சிமுத்து தன் குவியலிலிருந்தே பச்சைக் கடலையை அள்ளி அள்ளித் தின்று, மேலே ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்தான். நல்லவேளையாக வயிறு வலித்தது. அங்கமுத்து சந்தோஷத்தோடு ஓடிவந்து, அவன் வயிற்றைத் தடவிக் கொடுத்து, தன் பங்கிலிருந்து நாலு கடலையை மருந்தாகக் கொடுத்தான். கட்டிய காசு வீண் போகவில்லை என்று நாச்சிமுத்து முனகிக்கொண்டே திருப்திப்பட்டான்.

வலி விட்டதும் மிச்சத்தை எண்ணிச் சாக்கில் கட்டினான். ஆனாலும் மாமனார் கேட்டது டவுன் அறையில் எவ்வளவு இருக்கிறது என்றா? வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்றல்லவா? அதனால் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, ஊரில் இறங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். ரெண்டாயிரத்துக்கு மேல் குறைந்தது.

சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் ஒரு ஓட்டை. நாலு பேரும் அந்த ஓட்டையைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

"இது என்ன இலாகா?" என்று மெதுவாகக் கேட்டான் நாச்சிமுத்து.

"கணக்கர் இதைச் சொல்லவே இல்லியே."

"சொல்ல மாட்டாங்கடா. இந்த மாதிரி இலாகா எல்லாம் சொல்லாமத்தான் எடுக்கும்" என்றான் சென்னியப்பன். பானையை மடியில் வைத்த நாளிலிருந்து அவன் பேச்சில் ஒரு அதிகாரம் வந்திருந்தது.

"அடைச்சுப் போடலாமா?"

"அடைக்கறதா! பிடித்தத்தை நிறுத்துனா அது குத்தமாயிரும். உள்ள தூக்கி வெச்சுட்டா உனக்கு எங்க கல்யாணம்?"

நாச்சிமுத்து பயந்துபோய், தைக்க எடுத்த ஊசியைத் தூர வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை சாக்கோடு கரட்டுப்பாளையத்துக்கு நடந்தார்கள். முன்னால் நாச்சிமுத்து. ஓட்டையின் வேலைக்கு இடைஞ்சல் வராதபடி பார்த்துப் பார்த்து நடந்தான். நடுவில் பானையோடு சென்னியப்பன். திம்மராயன் நீட்டிய கையோடு வந்தான். அவனுக்குப் பின்னால் வழியிலிருந்த தோட்டத்துக் கோழிகள் அத்தனையும் வந்தன.

"யாருடா இவங்க?" என்று நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தான்.

"அந்த இலாகாவோட ஆளுங்க போல" என்றான் அங்கமுத்து. நாச்சிமுத்து கோழிகளைப் பார்த்துக் கும்பிடு போட்டான்.

ராக்கியண்ணன் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் பாவாத்தாள். இன்னொரு கட்டிலில் மரகதத்தின் அண்ணன் ராசு தூங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயதாகியும் அவன் வேறு உத்தியோகம் பார்த்ததில்லை.

சாக்கை உதறினார்கள். இரண்டு கை நிறையக் கடலை விழுந்தது. அதையும் கோழிகள் சுற்றிக்கொண்டன.

"இவ்வளவுதானா?" என்றார் ராக்கியண்ணன்.

பட்டி நிறைய ஆடுகள் நாச்சிமுத்துவின் கண்முன்னால் வந்து மே என்று கத்தின.

"பிடித்தம் போக இவ்வளவுதானுங்க மாமா" என்றான்.

கதவோரம் நின்ற மரகதம், "அந்தச் சாக்கு ஓட்டையைத் தெச்சிருக்கலாமில்லீங்க?" என்றாள்.

நாலு பேரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். "கம்பெனி விவரம் தெரியாத புள்ள, பாவம்" என்றான் அங்கமுத்து. ராக்கியண்ணனும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அப்புறம் சென்னியப்பனின் மடியைப் பார்த்தார்.

"அந்தப் பானையில என்ன?"

"மூவாயிரத்து அறநூறுங்க."

"யாரோடது?"

"நாச்சிமுத்துவோடதுதானுங்க. ஆனா அவனுக்குத் தர மாட்டோம். அம்பத்தெட்டு வயசு ஆகோணும்."

"இப்பக் கேட்டா?"

"காலைப் புடிச்சுக் கேட்டாலும் தர மாட்டேனுங்க."

ராக்கியண்ணன் கட்டிலை விட்டு எழுந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதைத்தானப்பா நான் தேடிட்டிருந்தேன்! ஆட்டுக்காரன் நெனைச்சா இன்னைக்கே ஆட்டை வித்துக் குடிச்சுப்போடுவான். இவன் காசு இவனுக்கே கிடைக்காது. இப்பேர்ப்பட்ட பத்திரமான ஆளுக்குக் குடுக்காம பொண்ணை வேற யாருக்குக் குடுக்கறது? என்ன புள்ள, உனக்குச் சம்மதமா?"

"ஆட்டுக்காரர் வந்துட்டுப் போனப்ப எனக்குச் சிரிப்பே வரலீங்கப்பா" என்றாள் மரகதம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

பாவாத்தாள் தாம்பூலத் தட்டை எடுத்து வந்தாள். நாச்சிமுத்து கையை நீட்டியவன், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். ஒரு வாரமாகப் பட்ட பாட்டில் அவனுக்கும் கொஞ்சம் விவரம் வந்திருந்தது.

"மாமா, ஒரு பொண்ணு தர்றேங்கறீங்க. பிடித்தம் போக ஊட்டுக்கு எத்தனை வரும்?"

ராக்கியண்ணனுக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி என்றுதான் அவருக்கும் பட்டது. கோழிகளிடமிருந்து பன்னிரண்டு கடலையை மீட்டு, மாதத்துக்கு ஒன்று என்று கட்டிலில் வரிசையாக வைத்தார்.

"ஆடி மாசம் பொறந்த ஊட்டுல இருக்கோணும். ஒண்ணு போச்சு. மாரியாத்தா நோம்பி, தீவாளி, பொங்கல் எல்லாஞ் சேர்ந்து இன்னொண்ணு. மீதி பத்து உனக்கு."

"பரவாயில்லீங்க" என்றான் நாச்சிமுத்து. "என் சம்பளத்துக்கு இது மேல்."

"இருங்க" என்றான் சென்னியப்பன். "நீங்க ரெண்டு மாசம் புடிக்கறீங்க. அதே அளவு கம்பெனியும் போடோணும்."

"இங்க கம்பெனி யாரு?" என்றார் ராக்கியண்ணன்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் மெல்ல முதுகை நிமிர்த்தி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் அவரை யாரும் கம்பெனி என்று சொன்னதில்லை.

"போட்டுட்டாப் போகுது" என்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மளிகைக் கடைக்காரர் மொய் எழுதவில்லை. கடன் சீட்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார். பெண்ணும் மாப்பிள்ளையும் வேனில் பொட்டிக்காட்டுப்புதூருக்குக் கிளம்பினார்கள். வழியில் ஓட்டை ஏதாவது இருந்துவிடப் போகிறதே என்று நாச்சிமுத்து ஒவ்வொரு திருப்பத்திலும் மரகதத்தைத் தொட்டு, "ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே வந்தான். அவளும், "ஒண்ணுதானுங்க, இன்னும் இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கி எண்ணினால், இரண்டு இருந்தது. இரண்டு மாதம் தங்குகிற ஏற்பாட்டில் பாயும் தலையணையுமாகப் பாவாத்தாளும் வேனிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"கம்பெனி போட்டிருக்குது" என்றான் சென்னியப்பன் மரியாதையோடு.

வேனின் கடைசி சீட்டிலிருந்து கொட்டாவி விட்டபடி ராசு இறங்கினான்.

"அது வட்டி" என்றான் சென்னியப்பன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திம்மராயன் முன்னால் வந்தான். தலையை அழுத்திச் சீவியிருந்தான்.

"ஒண்ணு வரவேண்டிய ஊட்டுக்கு மூணு வந்திருக்குது. வரம்பு தாண்டியாச்சு" என்று சொல்லி, இத்தனை நாள் நீட்டியபடியே இருந்த கையால் ராசுவின் கையைப் பிடித்து, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ராசு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் தூக்கம். திம்மராயன் இளைத்துப் போய் இரண்டு தடவை வந்து, அதிகமாகப் பிடித்துவிட்டோம், திருப்பித் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தான்.

நாச்சிமுத்து வாங்கிக்கொள்ளவில்லை. "நாட்டுக்குக் கட்டுனது மாப்ள, நாட்டுக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.