உடைந்த அதிரசம் யாருக்கு?

செல்லாண்டியம்மாளின் மடத்துச் சீடர்களில் பொங்கியண்ணன்தான் மூத்தவர். குருவைவிடவே பதினைந்து வயது மூப்பு. நூற்பாலை வாசலில் தொழிற்சங்கக் கொடி பிடித்தே நரைத்தவர். மடத்தில் சேர்ந்தபின் வேட்டி வெளுத்தது, கோபம் வெளுக்கவில்லை.

மாரியம்மன் நோன்புக்கு மறுநாள் ஆலைக் குடியிருப்பே மடத்தில் கூடிச் சாப்பிடும். அந்த ஆண்டு அதிரசம் சுடும் பொறுப்பு பொங்கியண்ணனுடையது. பாகு பதமாய் அமைந்து, மாவு கைக்கு வாகாய் வந்திருந்தது. தட்டிப் போட்டதெல்லாம் மிதந்து சிவந்தது. எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்தார்.

செல்லாண்டியம்மாள் வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

“அண்ணா, நாச்சிமுத்துவையும் வரச் சொல்லியிருக்கேன்.”

கரண்டி நின்றது.

நாச்சிமுத்து ஒரு காலத்தில் பொங்கியண்ணனோடு ஒரே தட்டில் உண்டவன். வேலைநிறுத்தத்தின்போது குடியிருப்பே பட்டினி கிடக்க, பக்கவாசல் வழியே ஆலைக்குள் போய் வேலை பார்த்தவனும் அவன்தான். அன்று முதல் அவனுக்குக் கருங்காலி என்று பெயர். வைத்தவர் பொங்கியண்ணன்.

“ஏனுங்கம்மா, அந்தக் கருங்காலிக்கும் என் கையாலயா பலகாரம்?”

“கரண்டி உங்க கையில இருக்கு. வைக்கறதும் வைக்காததும் உங்க பாடு.”

பொங்கியண்ணன் சற்று யோசித்தார். அடுத்த அதிரசத்தைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அழுத்தினார். அது இரண்டாய் உடைந்தது. தனித் தட்டில் எடுத்து வைத்தார். விருந்துக்கு வந்தவர் இலையில் உடைந்த பலகாரம் வைப்பதைவிடப் பெரிய ஏச்சு அந்தக் குடியிருப்பில் இல்லை.

“இது யாருக்கு?”

“வர்றானே, அவனுக்கு. இல்லைன்னு சொல்லலைங்க. வைக்கறேன். நாலு பேர் பார்க்கட்டும்.”

செல்லாண்டியம்மாள் தட்டை இழுத்து, இரண்டு துண்டையும் தின்றார்.

“வெல்லம் நல்ல வெல்லம்.”

பொங்கியண்ணன் இன்னொன்றை உடைத்து வைத்தார். அம்மாள் அதையும் தின்றார்.

“அம்மா! உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்க!”

“தெரியும்.”

“போன மாசந்தான் கால் புண்ணு ஆறுச்சு!”

“கட்டுப் போட்டவரே நீங்கதானே. மறப்பேனா?”

“டாக்டர் கேட்டா யாரு பதில் சொல்றது?”

“நீங்கதான். மில் முதலாளிக்கே பதில் சொன்ன ஆளாச்சே.”

பொங்கியண்ணனை வீம்பு விடவில்லை. இன்னும் ஒன்றை நொறுக்கி, தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். குரு கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பொங்கியண்ணனுக்கு அந்தக் கைக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. கொடுத்தார்.

“போதும் தாயே. என்னைக் கொல்லாதீங்க.”

“நீங்க உடைங்கண்ணா. உடைஞ்சதெல்லாம் எனக்கு.”

அடுத்த அதிரசத்தை அவர் பச்சைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல அழுத்தினார். அதன் பிறகு ஒன்றும் உடையவில்லை.

பந்தியில் நாச்சிமுத்து கடைசி இலையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். பொங்கியண்ணன் தாம்பாளத்தோடு நெருங்கினார். எல்லாக் கண்ணும் அந்த இலைமேல்.

முழு அதிரசம் ஒன்று இலையில் விழுந்தது.

“அண்ணே…” என்றான் நாச்சிமுத்து.

பொங்கியண்ணன் திரும்பி நடந்தார்.

நேரே குருவிடம்தான் போனார். கையில் ஒரு டம்ளர் வெந்தயத் தண்ணீர்.

“குடிங்க.”

“கசக்குதே!”

“கசக்கட்டும்.”

அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“அம்மா, உள்ளதைச் சொல்லுங்க. அவன் செஞ்சது சரிங்களா?”

“தப்பு.”

பொங்கியண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை.

“அப்புறம் ஏனுங்க என்னைத் தடுத்தீங்க?”

“சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. எல்லார் முன்னாலயும், முகத்துக்கு நேரா கேளுங்க. நானும் வந்து உட்கார்றேன். உங்களுக்கு வாய் இருக்கு, அவனுக்கும் வாய் இருக்கு. நடுவில பலகாரத்தை எதுக்குண்ணா பேச விடறீங்க?”