நண்டு மூடாத குழி

அந்தக் காலத்தில், உயிர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு இருந்தபோது, காட்டில் வாழ்ந்தவை எல்லாம் தங்களுக்கு மிஞ்சியதை ஆற்றங்கரையிடம்தான் கொடுத்துவைத்தன.

ஆறு தெற்கே திரும்பும் வளைவில் பனைமர உயரத்துக்கு எழும்பி நின்றது அந்தக் கரை. மேலே செம்மண். அதன் கீழே மணல். மணலுக்குக் கீழே பிசைந்து வைத்தது போல வழவழப்பான களிமண். எல்லாவற்றுக்கும் அடியில் சரளைக்கல். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒரு பிடி, ஒரு படலம் என்று ஆறு கொண்டுவந்து சேர்த்துச் சேர்த்துத்தான் கரை அவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தது. அதனால் சேமிப்பு என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். பிறர் கொடுத்ததை அது பொறுமையாக வைத்துக்கொண்டது.

கொடுத்ததை உள்ளே வைக்கவும், கேட்டபோது எடுத்துத் தரவும் ஓர் ஆள் வேண்டுமே. அந்த வேலை ஆற்று நண்டுக்கு அமைந்தது. எந்த அடுக்கில் எது கெடாமல் இருக்கும் என்று நண்டு அறிந்திருந்தது. வெள்ளெலியின் கம்பங்கதிர்கள் உலர்ந்த செம்மண்ணில் இருந்தன. எறும்புகளின் புல்லரிசி அதற்குப் பக்கத்தில். ஆமையின் முட்டைகள் வெதுவெதுப்பான மணலில். நண்டின் கொடுக்கு போட்ட குழி, ஊசி நுழைந்த துணி போல, கரையின் முகத்தில் வெளியே தெரியாது.

நண்டு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. ஒரு பொழுதுக்கு ஒரு குழிதான் திறக்கும். உள்ளே இருந்ததை எடுத்துக் கொடுத்ததும், வெற்றிடத்தை ஈரக் களிமண்ணால் அடைத்து, கொடுக்கால் தட்டி இறுக்கி, மண் காய்ந்த பிறகே அடுத்த குழியைத் தொடும். வீட்டில் விருந்தாளி என்றாலும், சம்பந்தி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றாலும் அது மாறாது.

"நான் வச்ச கதிரை நான் எடுக்கறதுக்கு நாளைக்கு வான்னா என்ன அர்த்தம் நண்டக்கா?" என்று வெள்ளெலி அலுத்துக்கொள்ளும்.

"உன் கதிர் உள்ளே சும்மா படுத்துத் தூங்குதுன்னு நினைச்சியா தம்பி? பக்கத்திலே இருக்கிறதை அதுவும் ஒரு தோள் கொடுத்துத் தாங்குது. அதை உருவினா, அந்த இடத்தை நிரப்பிட்டுத்தான் மத்த வேலை."

"இதுக்கு என் பொந்திலேயே வச்சிருக்கலாம்."

"வச்சுப் பாரேன். உன் பதினாலு பிள்ளைங்களும் ராவோட ராவா தின்னுடும்."

வெள்ளெலியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வெள்ளெலி மறுநாள் வரும்.

அந்த வருஷம் நண்டும் தன் முட்டைகளைக் கரையிடமே வைத்தது. அதற்கு முன் மூன்று பருவம் தண்ணீருக்குள் கல்லிடுக்கில் வைத்துப் பார்த்திருந்தது. மூன்று பருவமும் கெண்டையும் கெளுத்தியும் வந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போயின. நான்காம் முறை, களிமண் அடுக்கின் அடியில், ஈரம் ஊறும் இடத்தில் குழி பறித்து வைத்தது. அதற்கு நேர் மேலே மணலில் ஆமையின் முட்டைகள் இருந்தன.

"என் பிள்ளைங்க மேல்வீடு, உன் பிள்ளைங்க கீழ்வீடு," என்றது ஆமை. "பிறந்ததும் தண்ணிக்குச் சண்டை போடாம இருக்கணும்."

"உங்க பிள்ளைங்க நடந்து வந்து சேர்றதுக்குள்ளே எங்க பிள்ளைங்க பேரன் பேத்தி எடுத்துடும் பெரியம்மா."

ஆமை ஓடு குலுங்கச் சிரித்தது. "பொரிய இன்னும் ஆறு நாள் இருக்கு. பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்று மாலையே மேற்கு மலையில் மழை பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் விடவில்லை. ஆறு பாகு நிறத்தில் சுருட்டிக்கொண்டு வந்தது. வளைவில் திரும்பும்போது கரையின் அடியில் மோதி, சரளைக்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தது. நான்காம் நாள் காலையில் மழை விட்டது, வெள்ளம் மட்டும் குறையவில்லை. கரையின் உச்சியில் நடந்துபோன நண்டு, புல்லுக்கு நடுவே ஒரு வெடிப்பைக் கண்டது. மயிரிழை அளவுதான். தன் காலின் நுனியை உள்ளே விட்டுப் பார்த்தது. நுனி மட்டும் நுழைந்தது.

அது கீழே இறங்கிவந்து, வயிற்றைக் கரையோடு ஒட்டிவைத்துக் கேட்டது.

"என்ன இது, வெடிச்சிருக்கே?"

கரை மெதுவாகத்தான் பேசும். "இருக்கட்டும்."

"விழுந்துடுவியா?"

"இருக்கிறது இருக்கிற இடத்திலே இருந்தா விழமாட்டேன். நாளைக்குப் பொழுது சாயறவரைக்கும் யாரும் என்னைத் தொடாம பாத்துக்கோ. தண்ணி வடிஞ்சிடும்."

கரை பொய் சொன்னதில்லை. நண்டு போய் அருகம்புல்லைப் பரப்பி வெடிப்பை மறைத்தது. யாராவது பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்றுதான். பிறகு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. உட்கார முடியவில்லை. மறுபடி மேலே ஏறிப்போய்க் காலை விட்டுப் பார்த்தது. ஒரு கணு நுழைந்தது. இறங்கி வந்தது. வெயில் ஏறியதும் மீண்டும் போனது. ஒன்றரைக் கணு.

கீழே தண்ணீர் களிமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு கட்டி கரைந்து விழும் சத்தம் கேட்டது. மேலே இருப்பவற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நண்டு நினைத்தது. வெள்ளம் தின்றால் முதலில் தின்னப் போவது அடிமண்ணைத்தான், என் பிள்ளைகளைத்தான். பொறு என்று மற்றவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கும்! இன்று தனக்கே சொல்லிக்கொண்டபோது அந்த வார்த்தை வாயில் மண்ணாக இருந்தது.

ஒரே ஒரு குழி. எடுத்துவிட்டு உடனே அடைத்துவிடலாம்.

நண்டு களிமண்ணைப் பறித்தது. உள்ளே அதன் முட்டைகள் நூற்றுக்கணக்கில், நெருக்கிக் கோத்த மஞ்சள் மணிகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றுக்குள் கண் தெரிந்தது. அவற்றை வாரித் தன் வயிற்றுக்குக் கீழே அணைத்துக்கொண்டது. பின்கால்கள் எல்லாம் அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொள்ளவே போதவில்லை. முன்னால் இருந்த இரண்டு கொடுக்கும் ஏறுவதற்கு வேண்டும். களிமண் பிசைய எதுவும் மிச்சமில்லை. அது குழியைத் திரும்பிப் பார்த்தது. முதன்முறையாகக் கரையில் ஒரு குழி வாய் திறந்து கிடந்தது.

இவற்றை மேட்டில் வைத்துவிட்டு வந்து மூடுகிறேன் என்று ஏறத் தொடங்கியது.

நாணல் தட்டையின் மேல் கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. ஒன்றைக் கேட்டால் நூறாகத் திருப்பிச் சொல்கிற குருவி.

"எங்கே அக்கா, வயித்தை அணைச்சுக்கிட்டு?"

"வயித்துவலி."

"வலி மஞ்சளா உருண்டை உருண்டையா இருக்குமா?"

நண்டு அசையாமல் நின்றது. "கரிச்சான், உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே. சொன்னா எல்லாருக்கும் கெடுதல்."

"நான் யார்கிட்டச் சொல்லப்போறேன்!" என்று எழும்பிப் பறந்தது கரிச்சான். அடுத்த மரத்தை அடைவதற்குள் மூன்று பேரிடம் சொல்லிவிட்டது.

காவல் இருக்கிறவளே எடுத்துவிட்டாள். காட்டுக்குள் அந்தச் சேதி ஓடியது. பொந்திலிருந்து பொந்துக்கு, புதரிலிருந்து புதருக்கு. நண்டு மேட்டை எட்டியபோது எதிரே வெள்ளெலி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் மனைவி, பதினாலு பிள்ளைகள், அணில்கள், வரிசை கலைந்த எறும்புகள், இன்னும் யார் யாரோ.

"என் கதிரைக் கொடு," என்றது வெள்ளெலி. அக்கா என்று சொல்லவில்லை.

"தரேன். எல்லாம் பத்திரமா இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் தொடாதீங்க. தொட்டா விழும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, ஒவ்வொருத்தரா, வரிசையா..."

"வரிசையா?" வெள்ளெலி நண்டின் வயிற்றைப் பார்த்தது. "நீ எடுத்தப்போ வரிசையிலே யாருக்குப் பின்னாடி நின்னே?"

நண்டு கால்களை மடக்கி முட்டைகளை மறைத்துக்கொண்டது.

பிறகு யார் முதலில் பாய்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஒன்றாகக் கரைமேல் விழுந்தார்கள். நகம், பல், அலகு, எது கிடைத்ததோ அதைக் கொண்டு தோண்டினார்கள். தன் கதிர் எங்கே என்று தெரியாத வெள்ளெலி ஐந்து இடத்தில் பறித்தது. எறும்புகள் ஆயிரம் துளை போட்டன. எடுத்த குழியை அடைக்க ஒருவரும் நிற்கவில்லை. அருகம்புல் விலகி வெடிப்பு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் வேகமாகத் தோண்டினார்கள்.

"பாரம் போடாதீங்க! இறங்குங்க!" நண்டின் குரல் யார் காதிலும் ஏறவில்லை.

அப்போது புல்லை விலக்கிக்கொண்டு ஆமை வந்து சேர்ந்தது. சேதி கேட்டதும் கிளம்பியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. அது கரையைப் பார்த்தது, கீழே வாய் திறந்து கிடந்த குழியைப் பார்த்தது. வெள்ளம் அதற்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் மணல் அடுக்கு.

"அந்தக் குழியை அடைச்சா நிக்குமா?" என்றது ஆமை.

"நிக்கும். கொஞ்ச நேரமாவது நிக்கும். நீங்க உங்களதை எடுக்கறவரைக்குமாவது." நண்டு அழுதது. "இந்தக் கூட்டத்திலே இதுங்களைக் கீழே வைக்கவும் முடியலை, என் கை காலியா இல்லையே பெரியம்மா."

ஆமை தன் ஓட்டைத் தாழ்த்தி, முன்கால்கள் இரண்டையும் நீட்டியது. "என்கிட்டக் கொடு. நான் பிடிச்சுக்கறேன். நீ போய் மூடு."

கொடுக்க வேண்டும். நண்டுக்கு அது தெரியும். இத்தனை காலம் காட்டில் உள்ள அத்தனை பேரும் தங்களிடம் இருந்ததை அதன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிருக்கிறார்கள். இதே ஆமை நாலு நாள் முன்பு சிரித்துக்கொண்டே போனது. கொடு என்று அது தன் கால்களுக்குச் சொன்னது. கால்கள் இன்னும் இறுக்கிக்கொண்டன. மூன்று பருவம் தின்னக் கொடுத்த கால்கள். முட்டைக்குள் ஏதோ ஒன்று அசைவதை அந்தக் கால்கள் உணர்ந்தன.

"சீக்கிரம்," என்றது ஆமை.

நண்டு ஓர் அடி பின்னால் வைத்தது.

கரை அப்போதும் மெதுவாகத்தான் பேசியது. "எல்லாரையும் போகச் சொல்லு" என்று அது சொன்னது நண்டுக்கு மட்டும் கேட்டது. "ஓடுங்க!" என்று நண்டு வீறிட்ட வீறலில் வெள்ளெலி பிள்ளைகளை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது, அணில்கள் மரத்துக்குத் தாவின. புல்லோடும் வேரோடும் வளைவு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது போலச் சரிந்து ஆற்றுக்குள் இறங்கியது. செம்மண், மணல், களிமண், கதிர், புல்லரிசி. எது எதனுடையது என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரே நிறத்தில் தண்ணீர் அதைச் சுருட்டிக்கொண்டு போனது.

உயிர் போனவர் யாரும் இல்லை, பிறந்துவிட்டவர்களில்.

நெடுநேரம் கழித்து ஆமை கேட்டது. "உன்னுடையது பத்திரமா?"

"ம்."

ஆமை தலையை ஆட்டியது. வையவில்லை, அழவும் இல்லை. கரை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் இருந்தது. அதற்குள் இறங்கி, நீந்திப் போய்விட்டது. பின்னாளில் அது முட்டையிட்டபோது, மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் தேய்த்து அடையாளத்தை அழித்துவிட்டு, யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் போனது.

வெள்ளம் வடிந்தது. ஆறு கரையைத் தின்றுவிடவில்லை. கொஞ்சம் கீழே, எதிர்ப்புறம், நீர் சோம்பி நடக்கும் இடத்தில் எல்லாவற்றையும் இறக்கிவைத்திருந்தது. ஈர வண்டல் வெயிலில் பாளம் பாளமாகக் காய்ந்தது. மாதம் இரண்டு போனதும் அதில் கம்பு முளைத்துக் கதிர் விட்டது. பக்கத்தில் புல்லரிசியும் தலை தூக்கியது. வெள்ளெலியும் எறும்புகளும் அணில்களும் அங்கே வந்து தின்றார்கள். எந்தக் கதிர் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. மணலை மட்டும் ஆமை ஒரு தடவை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்றாம்.

நண்டின் முட்டைகள் அதன் வயிற்றுக்குக் கீழேயே பொரிந்தன. கடுகளவு குஞ்சுகள், அம்மாவின் மடியை விட்டு இறங்க மறுத்துத் தொற்றிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுமந்துகொண்டு ஒரு காலையில் அது நீரோரமாக வந்தபோது, எதிரே அதே வழியில் ஆமை வந்துகொண்டிருந்தது. நண்டு நேரே போய் ஏதாவது பேச வேண்டும் என்றுதான் நினைத்தது. என்ன பேசுவது என்றும் யோசித்து வைத்திருந்தது. நான்கு அடி தூரத்தில், ஆமையின் கண் தன் வயிற்றின் மேல் போவதைப் பார்த்ததும், கால்கள் தாமாகவே பக்கத்தில் திரும்பின. இழுத்துக்கொண்டு போய் ஈர மண்ணில் கிடைத்த முதல் பொந்துக்குள் அதை நுழைத்துவிட்டன.

அன்று முதல்தான் தாய் நண்டு தன் முட்டைகளை எந்தக் கரையிடமும் கொடுக்காமல் வயிற்று மடிப்புக்குள் பொத்திவைத்துச் சுமக்கிறது. எதிரே யார் வந்தாலும் நேர்முகமாக நடக்க மாட்டாமல், பக்கவாட்டிலேயே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது.