குருவுக்கு முதுகு காட்டுன சொக்கையா

பனிமலையில மங்கையம்மான்னு ஒரு குரு இருந்தாங்க. சாமியாரம்மான்னா உம்முனு இருப்பாங்கன்னு நெனைக்காதீங்க. வாயத் தொறந்தா கேலிதான்.

அவங்களுக்கு ஒரு சீடன், பேரு சொக்கையா. குருவைவிட வயசுல மூத்தவன், பருமன்ல ரெண்டு பங்கு. பக்தியில கொறையே சொல்ல முடியாது, அம்மா தும்முனாக்கூட கும்புடுவான்.

காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரு. எங்களுக்கு நல்லது கெட்டது சொல்ல ஒரு ஆளை அனுப்புங்கன்னு அந்தச் சனங்க கேட்டிருந்தாங்க. அம்மா சொக்கையாவைப் போகச் சொன்னாங்க. அன்னிலேர்ந்து அவனுக்குச் சோறு எறங்கல. உங்க காலடிய விட்டுட்டு நான் எங்க போவேன்னு மூக்கைச் சிந்துனான்.

"ஊரு வரைக்கும் நானும் வர்றேன். இருக்கியா, திரும்பி வர்றியான்னு அங்க போயி சொல்லு"ன்னாங்க.

காடு பூரா முழங்கால் பனி. ரெண்டு பேரும் பனிச்செருப்பு மாட்டுனாங்க. கயித்துக் கட்டில் குட்டி போட்டா எப்படி இருக்கும், அப்படி ஒரு செருப்பு. நல்லா அகலமா இருக்கும், ஆளைப் புதைய விடாது.

அந்தக் காட்டுல ஒரு வழக்கம். கனத்த ஆளு முன்னால போயி பனிய மிதிச்சுத் தடம் போடணும், மத்தவங்க அதுமேல சொகமா வரலாம். கனத்த ஆளு யாருன்னு கேக்கவா வேணும்?

நாலு எட்டு வச்சதுமே சொக்கையாவுக்கு உடம்பு கூசிப்போச்சு. கோயில்லயே சாமிக்கு முதுகு காட்டாம பின்னுக்கு நடந்து வர்றவன் அவன். குருவுக்குக் காட்டலாமா? சட்டுனு திரும்புனான். அம்மாவைப் பாத்துக் கையக் கூப்பிக்கிட்டே பின்னுக்கு நடந்தான்.

பனிச்செருப்புல அது ஆகாது. செருப்போட பின்பக்க வால் பனியில குத்திக்கும். தொபுக்கடீர்னு மல்லாந்தான். எந்திரிச்சான், கும்புட்டான், மறுபடி மல்லாந்தான். அவன் முட்டுன தேவதாரு மரத்துக் கெளையில இருந்த பனியெல்லாம் அவன் தலையில கொட்டுச்சு.

அம்மா கம்பை ஊனிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க.

"என்னய்யா, மலைக்கு மெத்தை தைக்கிறியா?"

உங்களுக்கு முதுகு காட்டுனா பாவமில்லையான்னு கேட்டான். அப்பறம் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"உங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாத்தாம்மா எனக்குத் தைரியம். அந்த ஊர்ல நான் யாரு மொகத்தப் பாப்பேன்?"

அம்மா அவன் தலையில இருந்த பனியத் தட்டிவிட்டாங்க.

"நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நடந்தா, எனக்கு வழிய யாருய்யா பாக்குறது?"

சொக்கையா எந்திரிச்சு, காட்டைப் பாத்துத் திரும்பி நடந்தான். பின்னால செருப்பு பனிய அமுக்குற சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஊர்க் கூரைங்க தெரிஞ்ச எடத்துல அந்தச் சத்தம் நின்னுபோச்சு.

முடிவு என்னன்னு அம்மா கூப்பிட்டுக் கேக்கல. சொக்கையா திரும்பிப் பாக்காம ஊரைப் பாத்து நடந்துக்கிட்டே இருந்தான்.