ரெண்டு ஓட்டையும் கீழே இருக்கணும்

காக்காப்பாறை மலையூரில் ஒரு சைக்கிள் சங்கம் இருந்தது. ஆள் மூன்று, சைக்கிள் ஒன்று. ஓட்டுவது சடையன். யோசிப்பது பொன்னனும் மாயவனும். யோசனைக்கு அங்கே பஞ்சமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கும் பந்தயம். எதிராளி பூசணிக்கோம்பை வீரன், சடையனின் மச்சான். போன வருடம் வீரன் ஜெயித்ததிலிருந்து, சடையன் மாமியார் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தாலே, "மாப்ள, மெதுவா சாப்பிடுங்க, மெதுவாத்தான் உங்களுக்கு நல்லா வரும்" என்று குழைவான். சடையனுக்கு வயிறு எரியும். இந்த முறை ஜெயித்தே தீர வேண்டும்.

அதற்காகவே டவுனுக்குப் போய் முன்சக்கரத்துக்கு டியூப்லெஸ் டயர் போட்டுக்கொண்டு வந்தார்கள். டியூப் கிடையாது. உள்ளே பால் மாதிரி சீலன்ட் ஊற்றியிருந்தது. "ஓட்டை விழுந்தா இதுவே ஓடி வந்து அடைச்சிடும்" என்றார் கடைக்காரர்.

பந்தயத்துக்கு முந்தின நாள் வரை ஓட்டை விழவில்லை. சங்கம் கவலையோடு கூடியது.

"காசு குடுத்து வாங்குனது, வேலை வெட்டி இல்லாம உள்ள படுத்திருக்குதே" என்றான் பொன்னன்.

"சோம்பேறி ஆயிடப் போவுது" என்றான் மாயவன்.

பொன்னன் கோணி ஊசியால் ஒரு குத்து குத்தினான். ஒரு பக்கத்துப் பாலுக்கு மட்டும் வேலை கொடுப்பது நியாயமில்லை என்று மாயவன் நேர் எதிரே இன்னொன்று குத்தினான். இரண்டு பக்கமும் புஸ்ஸென்று சீறியது. சடையனுக்கு உயிரே போய்விட்டது. கடைக்காரருக்கு போன் போட்டான்.

"ஓட்டை கீழ இருக்கற மாதிரி சக்கரத்தை நிறுத்துங்க. நான் சொல்றவரைக்கும் அசைக்காதீங்க" என்றார் அவர்.

ஒன்றைக் கீழே கொண்டுவந்தால் மற்றது மேலே போனது.

"மேல இருக்குதுன்னு யார் சொன்னது? தலைகீழா நின்னு பாரு, அதுவும் கீழதான்" என்றான் பொன்னன்.

தன் ஓட்டைக்குத் தானே பொறுப்பு என்று மாயவன் தலைகீழாக நின்றான். கொஞ்ச நேரத்தில் இரண்டு சீறலும் அடங்கின. சடையன் கண் கலங்கி அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

விடிந்தது. கடைக்காரர் கூப்பிடவே இல்லை. சக்கரத்தை அசைக்கலாமா? கூடாது. ஆகவே சடையன் சைக்கிளைச் சக்கரம் உருளாமல் நிமிர்த்தித் தோளில் தூக்கிக்கொண்டான். பொன்னன் மாயவனின் கணுக்கால்களைத் தோளில் போட்டுத் தலைகீழாக முதுகில் சுமந்தான். கொடி அசைந்ததும் மூவரும் நடந்தே மலையிறங்கினார்கள்.

சாயங்காலம் அடிவாரம் சேர்ந்தபோது, வீரன் பரிசை வாங்கி, குளித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தான்.

"மெதுவா வாங்க மாப்ள" என்றான்.

சடையன் அவன் டயரை அமுக்கிப் பார்த்தான். லேசாகக் காற்று இறங்கியிருந்தது. தன் டயரை அமுக்கினான். கல் மாதிரி இருந்தது. ஆனாலும் பரிசு வீரனிடம் இருந்ததால் மனசு ஆறவில்லை.

"நம்ம கால்ல குறை இல்ல. இந்த வண்டியோட பாரந்தான் கெடுத்துச்சு. அடுத்த வருஷம் இதை வீட்டுலயே விட்டுட்டு வரலாம்" என்றான் சடையன்.

"ஓட்டையை யாரு பாத்துக்கறது?" என்றான் பொன்னன்.

அவன் முதுகுக்குக் கீழிருந்து மாயவன் குரல் வந்தது. "நீங்க போய் ஜெயிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் வீட்டுல இப்படியே இருந்துக்கறேன்."