காசியில் விட வேண்டியது

"சாமி, கோபத்தைக் காசியில விட்டுட்டு வரலாம்னு கிளம்பினேன். நாக்பூரோட திருப்பி அனுப்பிட்டாங்க."

ஆவுடையப்பன் இதைச் சொன்னது மடத்து முற்றத்தில், சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் நின்றுகொண்டு. நோய்க்காலம். முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. நெற்றிச் சிவப்பை மூட அதற்கு அகலம் போதவில்லை.

இளைய சாமி பந்தலில் தொங்கிய புடலம்பிஞ்சுகளுக்குக் கல் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப அது எங்க இருக்கு அண்ணாச்சி?"

"எது சாமி?"

"கோபம்."

"எங்கிட்டதான் இருக்கு."

"பத்திரமா?"

"பத்திரமா இருக்கு சாமி."

சொன்ன பிறகுதான் கேலி உறைத்தது.

பெரிய சாமி காலமான பிறகு மடத்துக்கு வந்தவர் இளைய சாமி. ஆவுடையப்பனைவிட இருபது வயது சின்னவர். மகன் வயசுக்காரர் காலில் விழ முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைத்தெரு முழுக்கத் தன்னைப் பார்த்துப் பயப்படாத ஆள் அவர் ஒருவர்தான் என்று தெரிந்ததும் ஆவுடையப்பன் விழுந்துவிட்டார்.

காசிக்குப் போகிறவர்கள் கங்கையில் முழுகி, தமக்குப் பிரியமான ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். ஒரு காய், ஒரு பழம், ஏதாவது. அதற்குப் பிறகு உயிர் உள்ளவரை அதை வாயில் வைக்கக் கூடாது.

ஊரில் காசிக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர். ஒருத்தர் பாகற்காயை விட்டார். இன்னொருத்தர் சுரைக்காயை விட்டார். மாம்பழத்தை விட்டவர் என்று யாரும் தட்டுப்படவில்லை.

ஆவுடையப்பனுக்கு இந்தச் சில்லறை வேலை பிடிக்காது. விடுவதானால் பெரிய சரக்காக விடுவோம் என்று முடிவு செய்தார். அவரிடம் இருந்ததிலேயே பெரிய சரக்கு கோபம்தான். பாத்திரக்கடை முதலாளி வீட்டில் நசுங்காத டம்ளர் ஒன்றுகூடக் கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"காசிக்குப் போயிட்டு வார ஆவுடையப்பன் வேற ஆளு" என்று தெரு பூராவும் சொல்லி வைத்திருந்தார். அவர் மனைவி பிரமு அதை நம்பினாள். வழியில் தின்ன ஒரு டின் முறுக்கு சுட்டுக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அப்படி ஒரு முகத்தோடு அவள் நின்று அவர் பார்த்ததில்லை.

போன வேகத்தில் திரும்பி வந்தார். கடைத்தெரு அடைத்துக் கிடந்தது; பஸ், ரயில் எதுவும் ஓடவில்லை. திட்டுவதற்குக் கடையில் வேலையாள் இல்லை, லாரிக்காரர் இல்லை, பேரம் பேசிவிட்டு வாங்காமல் போகிற கிராக்கி இல்லை. அவர்கள் பங்கும் சேர்ந்து பிரமுவுக்கே வந்தது.

"முன்னைக்கு இப்ப எப்படி? கூடவா, குறைவா?" என்றார் சாமி.

"கூடத்தான்."

"ஏன்?"

ஆவுடையப்பன் கொஞ்சம் இழுத்தார். "விடப் போறதுதானேன்னு ஒரு இது சாமி. பலாப்பழத்தை விடணும்னு நெனச்சவன் கிளம்புறதுக்கு முந்தின நாள் வயிறு முட்டத் தின்பாம்லா. அந்த மாதிரி."

சாமி இப்போதுதான் திரும்பினார். சிரிப்பை அடக்கவில்லை.

"அப்ப ரயில் ஓடுற வரைக்கும் தின்னுக்கிட்டே இருப்பீங்க."

"ரயில் விட்டா முதல் வண்டியில நான்தான் சாமி. சத்தியமாச் சொல்லுதேன்."

"மதினி என்ன சொல்லுதாக?"

ஆவுடையப்பன் காலால் சுண்ணாம்புக் கோட்டை அழித்தார்.

"பஸ் விட்டதும் சங்கரன்கோவிலுக்குத் தம்பி வீட்டோட போயிருதேங்கா. திரும்பி வர மாட்டாளாம்."

"அழுதுக்கிட்டே சொன்னாகளா?"

"இல்ல சாமி. தோசை சுட்டுக்கிட்டே சொன்னா. அதான் பயமா இருக்கு."

சாமி இன்னொரு பிஞ்சுக்குக் கல் கட்டினார். அது நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு கேட்டார்.

"எது அண்ணாச்சி முதல்ல ஓடும்? ரயிலா, பஸ்ஸா?"

பதில் ஊருக்கே தெரியும். ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"காசிக்குப் போகாம காசியில எப்படி சாமி விடுறது?"

போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

"நாளைக்கு மத்தியானம் இங்க சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு சாமி உள்ளே போய்விட்டார்.

*

மறுநாள் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. வாசனை தெருமுனையிலேயே வந்து ஆவுடையப்பனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது.

தள்ளித் தள்ளி மூன்று இலை. ஒன்று சாமிக்கு, ஒன்று ஆவுடையப்பனுக்கு, ஒன்று மடத்துச் சமையல்காரர் நாகலிங்கத்துக்கு. அன்று சாமியே பரிமாறினார்.

"நாகலிங்கம் அண்ணன் பெரிய சாமியோட காசிக்குப் போனவரு" என்றார்.

நாகலிங்கத்தின் சோற்றில் குழம்பு விழுந்தது. அதோடு ஒரு கத்தரிக்காயும் விழுந்தது. நாகலிங்கம் அதை இலை ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"கத்தரிக்காயவா விட்டீங்க?" என்றார் ஆவுடையப்பன்.

"ஆமா."

"பிடிக்காதோ?"

"உசிரு."

"அது அப்பல்லா. இப்ப?"

"இப்பவும்தான். காலையில இதை வதக்கும்போது வாயில தண்ணி ஊறுது."

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காசியில விட்ட பிறகுமா?"

நாகலிங்கம் பதில் சொல்வதற்குள் சாமி இன்னொரு கத்தரிக்காயை அவர் இலையில் வைத்தார். நாகலிங்கம் ஒதுக்கினார். சாமி இன்னொன்று வைத்தார். நாகலிங்கம் அதையும் ஒதுக்கினார். சலிப்பு இல்லை, பெருமையும் இல்லை. பேச்சுக்கூட நிற்கவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று ஆவுடையப்பனைக் கேட்டார்.

சாமி கரண்டியோடு ஆவுடையப்பன் இலைக்கு வந்தார். மிச்சமிருந்த கத்தரிக்காயை மொத்தமாகக் கொட்டினார்.

"எனக்கு எதுக்கு சாமி இவ்வளவு?"

"நீங்க ஒண்ணும் விடலியே அண்ணாச்சி. சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் கண் மட்டும் அடுத்த இலையின் ஓரத்தை விட்டு வரவில்லை.

*

நாலு நாள் கழித்து மடத்துக்குப் போன் செய்தார்.

"சாமி, இன்னைக்கு ரெண்டு தடவை வந்துது. ஒண்ணை ஒதுக்கிட்டேன். ஒண்ணைத் தின்னுட்டேன்."

"தின்னது ருசியா இருந்துதா?"

ஆவுடையப்பன் யோசித்தார். "இருந்துது சாமி."

"நல்லது. பொய் சொல்லல" என்று சாமி போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சில நாள் நல்ல நாளாகப் போனது. சில நாள் டம்ளர் பறந்தது. பறந்ததை அவரே போய் எடுத்து வந்தார். இது புதுசு.

பிரமு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவை நம்பி முறுக்கு சுட்டாகிவிட்டது. இன்னொரு தடவை ஏமாற அவளுக்குத் தெம்பு இல்லை.

*

பஸ் விட்டார்கள்.

ரயிலைப் பற்றிப் பேச்சே இல்லை. டிவியில் செய்தி முடிவதற்குள் பிரமு இரண்டு சேலையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் எடுத்து ஒரு பையில் வைத்துவிட்டாள். சங்கரன்கோவில் பஸ் இரண்டு மணிக்கு.

எந்த முகத்தோடு அவர் மறிப்பார்? சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"பரண்ல வச்சிருந்த என் காசிப் பையக் காணலியே."

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கட்டட வேலைக்கு வந்திருந்த வடக்கத்தி ஆளு. புருசன், பொண்டாட்டி, ஒரு கைப்பிள்ளை. கொதிக்கிற வெயில்ல மெயின் ரோட்டுல நடந்து போனாக. ஊரு எங்கன்னு கேட்டேன். காசிப் பக்கம்னு சொன்னாரு. இறக்கிக் குடுத்தேன்."

"எப்ப?"

"சித்திரையில. அப்பவே சொன்னா வீடு ரெண்டாப் போகும்னு சொல்லல. இப்பத்தான் நான் போறேன்லா. சொல்லிட்டுப் போவோம்னு சொல்லுதேன்."

அந்தப் பைக்குள் கோடி வேட்டி இருந்தது. கங்கைத் தண்ணீர் கொண்டுவரத் தானே கடைச் சரக்கில் பொறுக்கி எடுத்த செம்புச் சொம்பு இருந்தது. அவருக்கு உள்ளங்காலில் கிளம்பியது உச்சந்தலை வரை ஏறியது. காது அடைத்தது. கை போய் டம்ளரைப் பிடித்தது.

பிரமு வழக்கம்போல் பின்னால் நகரவில்லை. சோற்றுக் கரண்டியோடு அதே இடத்தில் நின்றாள். அடிமனசு வரை வெறுத்துப்போன ஒருத்தியின் நிற்பு அது. அதை அவர் பார்த்தார். பயந்துபோனார்.

டம்ளரைக் கீழே வைத்தார். புறங்கையால் மெல்லத் தள்ளினார். இலையைத் தாண்டி, சுவர் ஓரம் வரை தள்ளினார். பெரிய அண்டாவைத் தனியாளாக நகர்த்தியதுபோல் மூச்சு வாங்கியது.

"கைப்பிள்ளைன்னா சொன்ன?"

"ஆமா."

"வேட்டி உதவியிருக்கும். தொட்டில் கட்ட."

பிரமு அவரை உற்றுப் பார்த்தாள். குழம்பு ஊற்ற மறந்து நின்றாள். பிறகு, இவர் இன்னும் எவ்வளவு தாங்குவார் என்று பார்ப்பவள்போல, அதையும் சொன்னாள்.

"செருப்பும் நான்தான் குடுத்தேன். மதுரையில வாங்கினீங்கள்லா, அந்தப் புதுச் செருப்பு."

அந்தச் செருப்பைத் தூக்கிப் போனதாக அடுத்த வீட்டு நாயை அவர் ஒரு வாரம் திட்டியிருந்தார். நாயின் சொந்தக்காரரோடு இன்றைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மறுபடியும் ஏறியது. முதலில் வந்ததைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. அதே சூடு, அதே காது அடைப்பு. வாயிலிருந்த சோற்றை மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"அளவு சரியா இருந்துதா அவருக்கு?"

குரல் நடுங்கியது. கோபம்தான், வேறொன்றும் இல்லை. குரலோடு நின்றுகொண்டது.

"கொஞ்சம் பெரிசு" என்றாள் பிரமு.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்கிற ஹாரன். பக்கத்து வீடுகளில் ஆட்கள் வெளியே வந்து பார்க்கும் சத்தம் வந்தது.

ஆவுடையப்பன் தலையைத் தூக்கவில்லை.

"பஸ்ஸு வந்துட்டு பிரமு."

அவள் வாசலைப் பார்த்தாள். சுவர் ஓரத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு குழம்புச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் பஸ் உண்டு" என்றாள்.