கிளை நுனிப் பரீட்சை

கிளை மடக்கென்றது. பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தான் மூக்கன் என்ற கரடிப் பையன். பின்கால் இரண்டும் காற்றில். கீழே பள்ளிக்கூடமே சிரித்தது.

"இறங்குடா," என்றார் தலைமையாசிரியர் கூழைக்கடா. "முறிச்சு வெச்சிடாதே. பள்ளிக்கூடத்துக்கு இருக்கிறதே இந்த ஒரு கிளைதான்."

"பதில் தெரியும் சார். இங்கேருந்தே சொல்லிடறேன்."

"நுனிக்கு வந்துதான் சொல்லணும். வரலைன்னா முட்டை."

மூக்கன் இறங்கினான். இறங்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தான்.

அந்தக் காட்டுப் பள்ளியின் வழக்கம் அப்படி. ஏரிக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் கவட்டையில் கூழைக்கடா சௌகரியமாக உட்கார்ந்துகொள்வார். மாணவர்கள் ஒவ்வொருவராகக் கிளை நுனிக்குப் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். அணிலும் குரங்கும் மட்டும் படித்த காலத்தில் யாரோ வைத்த விதி. பிறகு கரடிகளும் சேர்ந்தன. கிளை மட்டும் பருக்கவில்லை.

பாஸானால் கோடை முழுக்கக் குடும்பத்தோடு ஏரியில் தண்ணீர் குடிக்கலாம். ஃபெயிலானால் மலையேறிச் சுனை தேட வேண்டியதுதான். போன வருஷம் மூக்கன் ஃபெயில். அவன் அம்மா சுடுபாறையில் நடந்து நடந்து உள்ளங்கால் தோல் உரிந்துபோனாள். புண் இன்னும் ஆறவில்லை. இன்னொரு கோடை அவளால் மலையேற முடியாது. இது மூக்கனுக்குத் தெரியும். சிரித்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

அடுத்து ஏறியது ஈர்க்கு என்ற தேவாங்கு. பகலில் தேவாங்குக்குத் தூக்கம்தான் வரும். பாதித் தூக்கத்தில் நகர்ந்து நகர்ந்து நுனிக்குப் போனான். கிளை இம்மியும் அசையவில்லை.

"ஓடை வத்திப்போனா தண்ணி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார் கூழைக்கடா.

ஈர்க்கு குறட்டை விட்டான்.

"அருமை. முதல் ரேங்க்," என்றார் அவர்.

பதிலைக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவருடைய வாய்ப்பையில் எந்நேரமும் நாலைந்து மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் கிளை நுனியிலிருந்து சொல்வது எதுவும் காதில் விழாது. கண் மட்டும் நன்றாகத் தெரியும். அதனால் கிளையையே பார்ப்பார். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தும்விட்டார். எவன் ஏறினால் கிளை வளைகிறதோ, அவன் ஃபெயில். ஆகையால் உடம்பு பெருத்தால் புத்தி சிறுக்கும்.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார். குரங்குகள் கைதட்டின. அணில்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மூக்கனின் அம்மா மட்டும் எழுந்து நின்றாள்.

"எம் புள்ள ஒரு பதிலும் தப்பாச் சொல்லலையே சார்?"

"சொன்னாத்தானேம்மா சரி, தப்பு எல்லாம்? அவன் நுனிக்கே வந்து சேரலை. அவ்வளவு மந்தம்."

அப்புறம் வைத்தியமும் சொன்னார். கரையான் கூடாது. தேன் கூடாது. பழம் எதையும் மோந்துகூடப் பார்க்கக் கூடாது. ஒரு மாசம் வெறும் இலை. உடம்பு இளைத்தபின் மறுபரீட்சை. சொல்லி முடித்ததும் ஒரு கெண்டையை விழுங்கினார். பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டதாம்.

வீடு திரும்பும் வழியில் மூக்கன் தன் பதிலை அம்மாவிடம் சொன்னான். ஓடை வளைகிற இடத்தில், நாணல் வாடாமல் நிற்கும் கரையோரம், கரையான் புற்று ஒன்றைத் தோண்டினானாம். தோள்வரை கையை விட்டு எடுத்தபோது கை ஈரமாக வந்ததாம். அடியில் தண்ணீர் ஓடுகிறது என்றான்.

அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "ஈரத்தைக் குடிக்க முடியுமாடா? ஏரி கண்ணுக்குத் தெரியுது. ஒரு மாசம்தானே, கண்ணு. சார் சொல்றதைக் கேளு."

கேட்டான்.

முதலில் தொப்பை போனது. பிறகு தூக்கம் போனது. பிறகு பாடம் ஒவ்வொன்றாகப் போனது. முயலைப் பார்த்தால் நாலு காது தெரிந்தது. வகுப்பில் ஒரு கேள்வியை ஆரம்பிப்பதற்குள் அவனுக்குக் கண் சொருகியது. நேற்றுவரை பூசணி என்று கூப்பிட்ட குரங்குகள் இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. இடுப்பு தெரிகிறதாம், முகத்தில் களை வந்துவிட்டதாம். பசி வந்திருந்தது. களை என்று நினைத்துக்கொண்டன.

ஒருநாள் சாயங்காலம், கண் விழித்த ஈர்க்கு அவனைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"டேய் மாப்ளே, நான் தூங்கித்தான் முதல் ரேங்க் வாங்கினேன். அதுக்குப் போய் நீ ஏன்டா சாகறே?"

"எங்கம்மாவுக்குத் தண்ணி வேணும்டா," என்றான் மூக்கன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

மறுபரீட்சை வந்தது. மூக்கன் ஏறினான். கிளை முனகியது, ஆனால் தாங்கியது. நுனிக்குப் போய்விட்டான். கீழே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஓடை வத்திப்போனா தண்ணி எங்கே கிடைக்கும்?"

அதே கேள்வி. மூக்கனுக்கு ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. ஏதோ ஒரு கரை. ஏதோ பச்சையாக ஒன்று. அதற்குமேல் வரவில்லை. மண்டைக்குள் ஒரு தேன்கூடு மட்டும் பெரிதாகத் தொங்கியது.

"தேன்," என்றான்.

"பாத்தீங்களா!" கூழைக்கடா இறக்கையை விரித்தார். "உடம்பு இளைச்சுது, புத்தி வந்துது. பாஸ்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அழுதாள். தப்பு என்று சொல்ல ஒருவராவது இருப்பார்களா என்று மூக்கன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஈர்க்கு மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, தண்ணி எங்கே என்றால் தேன் என்கிறான், அதற்குமா பாஸ் என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனான்.

கூழைக்கடா அத்தோடு விடவில்லை. இனி தினமும் மூக்கன் நுனியில் வந்து நிற்க வேண்டும், மற்ற குண்டர்கள் அவனைப் பார்த்துத் திருந்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். மூக்கனும் நின்றான். அம்மா ஏரியில் குடித்தாள். அதற்காக நின்றான்.

அந்த வருஷம் வெயில் யாருக்கும் சலுகை காட்டவில்லை. ஏரி சேறானது. சேறு ஓடாக வெடித்தது. பாஸானவனும் ஃபெயிலானவனும் ஒரே வெடிப்பை நக்கினார்கள்.

மூக்கனின் அம்மா குகை வாசலில் படுத்துவிட்டாள். நாக்கு வெளியே தொங்கியது. மலையேறலாம் என்றால் அவளுக்குக் கால் இல்லை. தூக்கிப் போகலாம் என்றால் அவனுக்கு உடம்பில்லை. தண்ணீர் எங்கோ இருக்கிறது என்று தனக்கு ஒரு காலத்தில் தெரியும் என்பது மட்டும்தான் அவன் ஞாபகத்தில் இருந்தது.

குகைக்குப் பக்கத்திலேயே ஒரு கரையான் புற்று. மாசக்கணக்காக அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப்போன புற்று. அதை ஒரே அடியில் உடைத்தான். மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சினான். அது தீர்ந்ததும் அடுத்த புற்று. அதற்கடுத்து ஒரு தேன்கூடு. தேனீ கொட்டியது. கொட்டட்டும் என்று தின்றான்.

வயிறு நிறைந்தது. புத்தி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. ஓடை வளைவு. நாணல். ஈரம்.

ஓடினான். தோண்டினான். மணல் சரியச் சரியத் தோளால் நெட்டித் தள்ளினான். இடுப்பு ஆழம் போனதும் ஊற்றுக்கண் திறந்தது. வாய் நிறையக் கொண்டுபோய் அம்மாவின் நாக்கில் விட்டான். அவள் விழுங்கினாள். கண்ணைத் திறந்தாள். அப்புறம் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு, தானே ஊற்றுவரை நொண்டி வந்தாள்.

செய்தி பரவி, பள்ளிக்கூடமே வந்தது. குரங்குகள் வந்தன. அணில்கள் வந்தன. கடைசியாகக் கூழைக்கடா நடந்து வந்தார். ஏரியின் கடைசி மீன்களையெல்லாம் பைக்குள் திணித்திருந்ததால் அவரால் பறக்க முடியவில்லை. அதற்காக யாரும் அவருக்கு முட்டை போடவில்லை. மூக்கன் எல்லோருக்கும் வழிவிட்டான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் விட்டான், ஆனாலும் விட்டான்.

கூழைக்கடா ஆசைதீரக் குடித்தார். பிறகு மூக்கனின் புடைத்த வயிற்றை மேலும் கீழும் பார்த்தார். முகம் சுளித்தார்.

"தண்ணி கண்டுபிடிச்சது சரிதான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? மறுபடியும் இளைச்சுட்டு, கிளை நுனிக்கு வந்து இதே பதிலைச் சொல்லு. அப்பத்தான் மார்க்."

மூக்கன் அம்மாவைப் பார்த்தான். அம்மா, கரையில் இருந்த பெரிய புற்றைப் பார்த்தாள்.

"நீ தின்னுடா, கண்ணு," என்றாள்.

தின்றான். கிளை நுனிக்கு அவன் போகவில்லை. அந்த வருஷமும் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. எடை பார்க்கத் தெரிந்தவருக்கெல்லாம் விடை பார்க்கத் தெரிந்துவிடாது.